எரெகூடூ டெங்க்கீ: ஒரு கொம்புத் திருக்கையின் படமும் பெயரும்



நம் இதழில் க்ஷேத்திர மகிமை, அக்ரஹார நினைவுகள், சங்கீத வித்வான்களின் சரித்திரம் என்று எத்தனையோ நல்ல கட்டுரைகள் வந்திருக்கின்றன. இந்த முறை அடியேன் எழுதப் போவது ஒரு மீனைப் பற்றி. "நம் பத்திரிகையில் மீனா?" என்று மாமிகள் முகம் சுளிக்க வேண்டாம். இது சமையல் சமாசாரம் அல்ல, சரித்திர சமாசாரம். தவிர, தசாவதாரத்தில் முதல் அவதாரமே மத்ஸ்யம்தானே! மனுவின் கையிலிருந்த தீர்த்தத்தில் வந்து, "என்னைப் பெரிய மீன்களிடமிருந்து காப்பாற்று" என்று கேட்ட அந்தச் சிறு மீனை மறந்துவிட்டு நாம் எந்தக் கதையையும் தொடங்க முடியாது.

நான் படித்தது விலங்கியல். வாழ்நாளைக் கழித்ததோ அரசாங்கக் கோப்புகளோடு. படித்ததில் பெரும்பகுதி மறந்துவிட்டது. ஆனால் ஒரு நாள் மட்டும் மனதில் நிற்கிறது. 1970ஐ ஒட்டிய ஆண்டு அது. எங்கள் ஆசிரியர் மாணவர்களை விழிஞ்ஞம் கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். நான் இன்று குடியிருக்கும் ஆரியசாலையிலிருந்து விழிஞ்ஞம் சுமார் 15 கிலோமீட்டர்தான். ஆனாலும் நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் அன்றுதான் முதன்முதலாக மீன்பிடி கரையைப் பார்த்தோம்.

மணலில் கறுத்த பெரிய வஸ்து ஒன்று கிடந்தது. வௌவாலைப் போல இரு பக்கமும் இறக்கை, சாட்டை போன்ற வால், தலையின் முன்புறம் இரண்டு கொம்புகள். மீனவர் ஒருவர் "ஆனத்திரண்டி" என்றார். தமிழில் ஆனைத்திருக்கை, கொம்புத்திருக்கை என்று சொல்லும் அதே மீன். ஆசிரியர் சொன்ன லத்தீன் பெயர் "மொபுலா டயபோலஸ்". டயபோலஸ் என்றால் சைத்தான். நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்து ஸ்நானம் செய்தேன். கதை அதோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஓய்வு பெற்று வெகு காலத்துக்குப் பின், பேரன் கம்ப்யூட்டரில் பழைய நூல்களைப் பார்க்கக் கற்றுக் கொடுத்தான். அப்போதுதான் அந்த மீனுக்கு 220 ஆண்டுகளுக்கும் மேலான ஒரு சரித்திரம் இருப்பதும், அதன் ஆரம்பம் நம் கிழக்குக் கடற்கரையில் ஒரு ஓவியரின் மேசையில் இருப்பதும் தெரிய வந்தது.

கண்ணாடி விரியனுக்குப் பெயர் தந்தவர்

கண்ணாடி விரியன் பாம்பை ஆங்கிலத்தில் ரஸ்ஸல் விரியன் என்பார்கள். அந்த ரஸ்ஸல்தான் நம் கதையின் முதல் பாத்திரம். முழுப்பெயர் பாட்ரிக் ரஸ்ஸல். ஸ்காட்லாந்தின் எடின்பரோவைச் சேர்ந்த மருத்துவர். சிரியாவில் உள்ள அலெப்போ நகரில் பல ஆண்டுகள் வைத்தியம் பார்த்தவர். அங்கே பிளேக் நோய் பரவியபோது நேரில் கண்டதை வைத்து 1791ல் ஒரு பெரிய நூலே வெளியிட்டார்.

அவருடைய தம்பி கிளாட் ரஸ்ஸல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகஸ்தர். அவருக்கு விசாகப்பட்டினத்தில் பதவி கிடைத்தபோது, 1780களின் தொடக்கத்தில் அண்ணாவும் கூட வந்தார். 1785ல் கம்பெனியின் இயற்கை ஆய்வாளராக இருந்த கோனிக் காலமானார். அந்தப் பதவி ரஸ்ஸலுக்கு வந்தது. செடிகொடிகளைப் பார்ப்பதுதான் உத்தியோகம். ஆனால் மனிதர் பாம்பையும் மீனையும் விடவில்லை.

பாம்புகளைப் பற்றிய அவருடைய நூல் 1796ல் வந்தது. மீன்களைப் பற்றிய நூல் 1803ல் லண்டனில் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. கோரமண்டல் கரையில் விசாகப்பட்டினத்தில் சேகரித்த இருநூறு மீன்களின் வர்ணனையும் படங்களும் அடங்கியது அந்த நூல். அப்போது அவருக்கு வயது எழுபத்தைந்துக்கு மேல். இரண்டே ஆண்டுகளில், 1805ல், காலமாகிவிட்டார். எழுபதைத் தாண்டிய அடியேன் போன்றவர்களுக்கு இதில் ஒரு ஆறுதல் உண்டு. எடுத்த காரியத்தை முடிக்க வயது ஒரு தடை அல்ல.

மீனவர் சொன்ன பெயரே தலைப்பு

அந்த நூலில் ரஸ்ஸல் ஒரு காரியம் செய்தார். ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் ஏற்படுத்திய முறைப்படி ஒவ்வொரு உயிருக்கும் லத்தீனில் இரண்டு சொல் பெயர் வைப்பது அக்காலத்து வழக்கம். ரஸ்ஸல் புதுப்பெயர் வைப்பதில் நாட்டம் காட்டவில்லை. விசாகப்பட்டினத்து மீனவர்கள் தெலுங்கில் என்ன சொன்னார்களோ, அதைக் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதி, படத்துக்குத் தலைப்பாக்கினார்.

பாம்பு நூலிலும் அப்படித்தான். கட்டுவிரியன் வகையில் ஒன்றை அவர் "பங்காரும் பாமா" என்று குறித்தார். தெலுங்கில் பங்காரம் என்றால் பொன். அந்தச் சொல்லிலிருந்துதான் கட்டுவிரியன் பேரினத்துக்கே "பங்காரஸ்" என்ற விஞ்ஞானப் பெயர் வந்தது. உலகத்தின் எந்த மூலையில் கட்டுவிரியன் விஷத்துக்கு மருந்து தேடினாலும் இந்தத் தெலுங்குச் சொல்லைச் சொல்லாமல் முடியாது.

மீன் நூலின் தொடக்கத்திலேயே வருவது "டெமெரீ". தொட்டால் மின்சாரம் பாய்ந்தது போல் கை மரத்துப் போகச் செய்யும் மின்திருக்கை இது. தெலுங்கில் "திம்மிரி" என்றால் மரத்துப் போதல். தமிழிலும் கால் "திமிர்த்துப் போயிற்று" என்கிறோம். இதே மீன் வகை ஒன்றுக்கு, நம் தரங்கம்பாடியிலிருந்து போன தமிழ்ப் பெயரைக் கொண்டு 1801ல் ஜெர்மானிய அறிஞர்கள் பிளாக், ஷ்னைடர் ஆகியோரின் நூல் "டிம்லெய்" என்று பெயரிட்டது. நார்சினே டிம்லெய் என்ற அந்தப் பெயர் இன்றும் வழக்கில் உள்ளது. ஐரோப்பியர் மின்திருக்கைக்கு வைத்த "டார்பீடோ" என்ற லத்தீன் பெயருக்கும் மரத்துப் போதல் என்றே வேர். ஒருவரை ஒருவர் பார்க்காத மூன்று கடற்கரை ஜனங்கள், ஒரே அனுபவத்தை வைத்து ஒரே மாதிரி பெயரிட்டிருப்பதாகத் தோன்றுகிறது. பாமரர் வைத்த பெயர்தானே என்று தள்ளிவிடக் கூடாது. அதற்குள் ஒரு ஆராய்ச்சிக் குறிப்பே அடங்கியிருக்கிறது.

ரஸ்ஸல் நூலில் திருக்கை வகைகள் பலவற்றின் பெயரோடு "டெங்க்கீ" என்ற சொல் சேர்ந்து வருகிறது. திருக்கைக்கு அப்பகுதி மீனவர் வைத்திருந்த பொதுப்பெயர் அது. அந்த வரிசையில் வருவதுதான் "எரெகூடூ டெங்க்கீ". நான் விழிஞ்ஞம் மணலில் பார்த்த கொம்புத் திருக்கையின் இனத்தைச் சேர்ந்தது.

படம் வரைந்த கை

இனி அந்தப் படங்களைப் பற்றி. புகைப்படம் கண்டுபிடிக்கப்படாத காலம் அது. மீனைக் கரைக்குக் கொண்டுவந்த சில மணி நேரத்தில் அதன் நிறம் மங்கிவிடும். நம் ஊர் வெயிலில் உடலும் வேகமாகக் கெடும். திருக்கை விஷயத்தில் இன்னொரு சங்கடம். அதற்குக் கடினமான எலும்பு இல்லை, குருத்தெலும்பு மட்டுமே. தண்ணீரில் பறவை போல் விரிந்து பறக்கும் உருவம், மணலில் போட்டால் நனைந்த போர்வை போல் சுருண்டு கிடக்கும். அந்தச் சிதைந்த உருவத்தைப் பார்த்து, உயிருள்ள உருவத்தை மனதில் கொண்டு, அளவு தவறாமல் வரைய வேண்டும்.

அதற்கு முந்தைய காலத்து ஐரோப்பியக் கடல் படங்களைப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். 1719ஐ ஒட்டி ஆம்ஸ்டர்டாமில் லூயி ரெனார் என்பவர் வண்ணப் படங்களோடு ஒரு மீன் நூல் வெளியிட்டார். இந்தோனேசியாவின் அம்போன் தீவில் டச்சுக் கம்பெனியில் வேலை பார்த்த சாமுவேல் ஃபாலூர் என்பவர் வரைந்தவை பல அதில் உண்டு. 100 தகடுகளில் 400க்கும் மேற்பட்ட மீன்கள். நிறங்களோ கண்ணைப் பறிக்கும். சில மீன்களின் உடம்பில் சூரியன், சந்திரன் போன்ற கோலங்கள் கூட உண்டு. கடைசியில் பார்த்தால் ஒரு கடல்கன்னியின் படமும் இருக்கிறது! தவளைமீன் வகையில் ஒன்றைத் தாம் வீட்டில் மூன்று நாள் வைத்திருந்ததாகவும், அது நாய்க்குட்டி போலத் தம் பின்னால் வந்ததாகவும் ஃபாலூர் எழுதினார். தவளைமீன் துடுப்புகளை ஊன்றிக் கடலடியில் நடக்கக் கூடியதுதான். ஆனால் வீட்டுக்குள் வாலை ஆட்டிக்கொண்டு வருவது கொஞ்சம் அதிகம். உண்மையும் கற்பனையும் அந்த நூலில் சாம்பாரும் ரசமும் ஒரே இலையில் கலந்தது போல் இருக்கின்றன.

ரஸ்ஸல் நூலின் படங்களோ வண்ணமில்லாத செப்புத்தகட்டு அச்சுகள். பகட்டு கிடையாது. துடுப்பு எங்கே தொடங்குகிறது, கண் எங்கே இருக்கிறது என்று பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி இருக்கும். விசாகப்பட்டினத்தில் மூலப் படங்களை வரைந்தவர் ரஸ்ஸல் அல்ல. அவர் நியமித்த ஒரு இந்திய ஓவியர். பக்கத்தில் அமர்ந்து ரஸ்ஸல் மேற்பார்வை செய்தார். மீனைப் பிடித்தவர் பெயர் இல்லை, பெயரைச் சொன்னவர் பெயர் இல்லை, படத்தை வரைந்தவர் பெயரும் நூலின் முகப்பில் இல்லை. இருப்பது ரஸ்ஸலின் பெயர் மட்டுமே.

இதை எண்ணும்போது நம் கேரளத்தின் "ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்" நினைவுக்கு வருகிறது. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட் தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த தாவர நூல் அது. அதன் முதல் தொகுதியில் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரின் சான்றுரையும், ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற மூன்று கொங்கணிப் பிராமணர்களின் சான்றுரையும் அச்சாகியிருக்கின்றன. உதவியவர்களின் பெயர் உலகத்துக்குத் தெரிய வேண்டும் என்று அந்த டச்சுக்காரர் நினைத்தார். பேராசிரியர் கே.எஸ். மணிலால் பல ஆண்டுகள் உழைத்து அதை ஆங்கிலத்தில் தந்தார். நம் கேரளப் பல்கலைக்கழகம் 2003ல் அதை வெளியிட்டது. இட்டி அச்சுதனுக்கு இன்று பெயர் இருக்கிறது. விசாகப்பட்டினத்து ஓவியருக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. ரஸ்ஸல் நல்லவர், உழைப்பாளி. ஆனாலும் இந்தக் குறை குறைதான்.

பெயருக்காக நடந்த வழக்கு

மீன் அங்கேயே இருக்க, அதன் பெயர் மட்டும் ஊர் சுற்றத் தொடங்கியது.

உயிரினப் பெயரிடலில் ஒரு சட்டம் உண்டு. லின்னேயஸ் முறைப்படி முதலில் யார் பெயரிட்டாரோ அவர் பெயரே செல்லும். ஆனால் அந்தப் பெயர் முறைப்படியான இருசொல் பெயராக இருக்க வேண்டும். ரஸ்ஸல் எழுதியது மீனவரின் பேச்சுப் பெயர். ஆகவே சட்டப்படி அது செல்லாது. முதலில் விண்ணப்பித்தும் படிவம் சரியில்லை என்று திரும்பி வந்த மனு போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ரஸ்ஸலின் ஏடுகளைப் பார்த்து, நேரில் மீனையே காணாத ஐரோப்பிய அறிஞர்கள் பலர் பெயர் வைத்தார்கள். பாரிஸில் குவியே 1829ல் பெயரிட்ட "கெலீ", "டார்டூர்" என்ற மீன்கள் ரஸ்ஸல் எழுதிய தெலுங்குப் பெயர்களை அப்படியே எடுத்துக்கொண்டவை. 1849ல், வங்காள மருத்துவப் பணியில் இருந்த டென்மார்க் நாட்டவரான தியோடர் காண்டர், மலாய்க் கடல் மீன்களின் பட்டியலில் நம் கொம்புத் திருக்கையை "செபலாப்டெரா எரெகூடூ" என்று குறித்தார். இதுதான் சட்டப்படி செல்லும் பெயர். 1859ல் படேவியாவில் இருந்த டச்சு ராணுவ மருத்துவர் பிளீக்கர் "எரெகூடூடெங்க்கீ" என்று முழுச்சொல்லையும் சேர்த்து எழுதினார்.

நம் மலபார்க் கரைக்கு நன்கு அறிமுகமான பிரான்சிஸ் டேயும் இந்த மீனை விடவில்லை. கொச்சியில் மருத்துவராக இருந்து, 1865ல் மலபார் மீன்கள் பற்றி நூல் எழுதியவர் அவர். 1875 முதல் 1878 வரை அவர் வெளியிட்ட இந்திய மீன்கள் நூலில் 190க்கும் மேற்பட்ட படத்தகடுகள் உண்டு. அதிலும் எரெகூடூ இடம் பெற்றது.

இதற்கு நடுவே இன்னொரு பெயரும் ஓடிக்கொண்டிருந்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஷா 1804லேயே கொம்புத் திருக்கைக்கு "டயபோலஸ்" என்று பெயரிட்டிருந்தார். தலையில் கொம்பு இருந்தால் சைத்தான் என்பது அவர்கள் வழக்கம். நமக்கோ கொம்பு என்றால் பசு நினைவுக்கு வரும். அந்தப் பெயர் எந்த மீனைக் குறிக்கிறது என்பதே தெளிவில்லாமல் இருந்தும், இருபதாம் நூற்றாண்டில் பல நூல்கள் அதையே எடுத்தாண்டன. எங்கள் ஆசிரியர் விழிஞ்ஞத்தில் சொன்னதும் அதைத்தான்.

1987ல் நோட்டார்பார்தோலோ டி ஷாரா என்ற இத்தாலிய ஆய்வாளர் மொபுலா இனம் முழுவதையும் மறுபரிசீலனை செய்தார். சந்தேகத்துக்குரிய டயபோலஸ் விலக்கப்பட்டு, எரெகூடூடெங்க்கீ என்ற பெயர் மீண்டும் வந்தது. சைத்தான் போய், விசாகப்பட்டினத்து மீனவர் வந்தார் என்று சொல்லலாம்.

அதோடு நின்றதா? இல்லை. 2017ல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, இந்த மீனும் "மொபுலா கூலீ" என்ற மீனும் ஒன்றே என்று முடிவு கட்டியது. கூலீ என்பது 1841ல் இடப்பட்ட பெயர். 1849ஐவிட மூத்தது. ஆகவே சட்டப்படி கூலீ நிலைக்க, எரெகூடூ பட்டியலிலிருந்து நீங்கியது. ரஸ்ஸலின் படிவம் சரியாக இருந்திருந்தால் 1803ன் பெயர்தான் வென்றிருக்கும்!

மூன்று ஆண்டுகளுக்குள் மேல்முறையீடு வந்தது. அதே நோட்டார்பார்தோலோ டி ஷாரா, 1987ல் தாம் எழுதியதற்கு முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, வேறு பல நாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து உடலமைப்பு, பல்லமைப்பு, மரபணு எல்லாவற்றையும் மீண்டும் பரிசீலித்தார். 2020 இதழில் வந்த கட்டுரை, இவை இரண்டும் வேறு வேறு மீன்களே என்று நிறுவியது. எரெகூடூவின் தலைக்கொம்புகள் நீளமானவை. பெயர் மொபுலா எரெகூடூ என்று மீண்டும் பட்டியலில் ஏறியது. அதே 2020ல் வேறொரு குழு செய்த விரிவான மரபணு ஆய்வும் இதை ஆதரித்தது. இன்று இந்தப் பெயரின் வேரைத் தேடிப் போகிற எவரும் கடைசியில் 1803ன் அந்தப் படத்தின் முன்னால்தான் போய் நிற்க வேண்டும்.

கொம்பு அல்ல, கை

இனி அந்தக் "கொம்பு" என்ன என்று பார்ப்போம். அது முட்டுவதற்கான கொம்பே அல்ல. முன் துடுப்பின் ஒரு பகுதி பிரிந்து தலையின் இரு பக்கமும் நீண்டிருக்கிறது. நீந்தும்போது அதைப் பாய் சுருட்டுவது போல் சுருட்டிக்கொள்ளும். அப்போது கொம்பு போல் தெரியும். உண்ணும்போது விரித்து, தண்ணீரை வாய்க்குள் திருப்பிவிடும். நாம் இரு கைகளையும் குவித்துத் தீர்த்தம் வாங்குவது போல. தண்ணீரோடு வரும் சிறு இறால் போன்ற நுண்ணுயிர்களையும் பொடி மீன்களையும் செவுளில் உள்ள சல்லடை போன்ற தகடுகள் வடிகட்டிக்கொள்ளும்.

எரெகூடூ இந்தக் குடும்பத்தில் சிறிய உருவம். இறக்கை நுனி முதல் நுனி வரை சுமார் ஒன்றே கால் மீட்டர்தான். இதே குடும்பத்து மாண்டா திருக்கை ஆறு மீட்டருக்கு மேலும் வளரும். எரெகூடூவின் வாலில் நச்சு முள் கிடையாது. யாரையும் கடிக்காது, கொட்டாது. கூட்டமாக நீந்தும். தண்ணீரைவிட்டுத் துள்ளிப் பறக்கும். இத்தனை சாதுவான பிராணிக்குச் சைத்தான் என்று பெயர் வைத்தது வேடிக்கைதான்.

முக்கியமான விஷயம், இந்த மீன்கள் முட்டையிடுவதில்லை. குட்டி போடும். அதுவும் ஒரு பிரசவத்தில் பெரும்பாலும் ஒரே குட்டி. ஒரு மத்தி மீன் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. அதைப் பிடித்தால் ஈடு செய்ய வழியுண்டு. ஒரு கொம்புத் திருக்கையைப் பிடித்தால் ஈடாக வருவது ஒரு குட்டி, அதுவும் நீண்ட காலத்துக்குப் பிறகு.

இப்படியிருக்க, அதன் செவுள் தகடுகளை மருந்துச் சரக்கென்று வாங்கச் சீனத்தில் ஒரு சந்தை ஏற்பட்டது. அதனால் பல நாடுகளில் இவற்றைப் பிடிப்பது பெருகியது. வேறு மீனுக்கு விரித்த வலையில் தற்செயலாக மாட்டுவதும் உண்டு. 2016ல் ஜோகானஸ்பர்கில் கூடிய சர்வதேச மாநாடு மொபுலா இனம் முழுவதையும் வணிகக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. எரெகூடூ தனி இனமாக மீண்டும் ஏற்கப்பட்ட பிறகு, உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது.

பெயரில் என்ன இருக்கிறது?

"ஒரு மீனை எரெகூடூ என்றால் என்ன, கூலீ என்றால் என்ன, இதற்கு ஏன் இத்தனை வாதம்?" என்று கேட்கலாம். சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர்களுக்கு இதற்குப் பதில் நன்றாகவே தெரியும். ரேஷன் கார்டில் பெயர் இல்லாதவருக்கு அரிசி கிடையாது. இரண்டு பேரை ஒரே பெயரில் எழுதிவிட்டால் ஒருவர் காலமானதே கணக்கில் வராது. இரண்டு மீன் இனங்களை ஒன்றாகச் சேர்த்து எண்ணினால் தொகை நிம்மதியாகத் தெரியும். அதற்குள் ஒரு இனம் சத்தமில்லாமல் மறைந்துவிடும். பட்டியலில் தனிப் பெயர் இருந்தால்தான் தனிக் காவல்.

அந்தத் தனிப் பெயரை அந்த மீனுக்குச் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் யார் என்று யோசித்துப் பார்க்கிறேன். இத்தாலிய ஆய்வாளர் உண்டு, காண்டர் உண்டு, ரஸ்ஸல் உண்டு. அவர்கள் எல்லோருக்கும் முன்னால் விசாகப்பட்டினக் கரையில் இரண்டு பேர். "இது எரெகூடூ, மற்ற டெங்க்கீ வேறு" என்று பிரித்துச் சொன்ன ஒரு மீனவர். அதைப் பார்த்துப் பிசகாமல் வரைந்த ஒரு ஓவியர். எந்தக் கலாசாலையிலும் படிக்காமல் அவர்கள் செய்த பகுப்பு, மரபணுக் காலத்திலும் நிற்கிறது. ஷா வைத்த பெயர் நிற்கவில்லை.

இதிலிருந்து நாம் செய்ய வேண்டியது ஒன்று உண்டென்று தோன்றுகிறது. நம் வீடுகளிலும் பழைய படங்கள், ஓலைச்சுவடிகள், கையெழுத்து நோட்டுகள் இருக்கின்றன. மாமி ஒருவர் வரைந்த கோல நோட்டு இருக்கும், தாத்தாவின் மூலிகைக் குறிப்பு இருக்கும். ஸ்கேன் செய்து வைக்கிறோம், நல்லது. எழுதியவர் யார், சொன்னவர் யார், எந்த ஊர் என்று ஓரத்தில் ஒரு வரி எழுதி வைக்கிறோமா? விசாகப்பட்டினத்து ஓவியருக்கு அந்த ஒரு வரியை யாரும் எழுதவில்லை. எழுதியிருந்தால் இந்தக் கட்டுரையில் அவர் பெயரைத் தலைப்பிலேயே போட்டிருப்பேன்.

இப்போதும் கோவளம் பக்கம் போகும் சந்தர்ப்பம் வந்தால் விழிஞ்ஞம் கரையில் சற்று நிற்பதுண்டு. பேரன் கூட வந்தால், "இங்கேதான் தாத்தா சைத்தானைப் பார்த்தேன்" என்று சொல்வேன். "அதன் பெயர் எரெகூடூ, தாத்தா" என்று அவன் திருத்துவான். அந்தத் திருத்தம் அடியேனுக்கு மெத்த சந்தோஷம்.

மனு அந்தச் சிறு மீனை முதலில் ஒரு குடத்தில் விட்டார், பிறகு குளத்தில், பிறகு நதியில், கடைசியில் கடலில். பிரளயம் வந்தபோது அதே மீன்தான் அவருடைய ஓடத்தை இழுத்துக் கரை சேர்த்தது. காப்பாற்றச் சொல்லி ஒரு மீன் கேட்டபோது, அது சிறியதுதானே என்று அவர் தள்ளிவிடவில்லை. நாமும் தள்ளிவிடாமல் இருப்போமாக.

ஆரியசாலை, திருவனந்தபுரம்